ஒரு சட்ட நிறுவனம் எதற்காகப் பழந்துணி சேர்க்கிறது?

நண்பர் ஒருவரின் கேள்வி இது: "அலுவல் நிமித்தம் பாங்காக் போகிறேன். அங்கே டில்லெக்கி அண்ட் கிப்பின்ஸ் என்ற சட்ட நிறுவனம் தென்கிழக்காசியாவின் மரபுத் துணிகளை இரண்டாயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறதாம். வழக்கறிஞர்களுக்கு எதற்கு இந்த வேலை? பகட்டா, முதலீடா? நெசவைப் பற்றி ஒன்றும் அறியாத நான் இப்படி ஒரு சேகரிப்பில் எதைப் பார்ப்பது? நமக்கும் அந்தத் துணிகளுக்கும் உறவு ஏதும் உண்டா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உறவு அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1890-இல் அதைத் தொடங்கியவர் இலங்கையிலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போன வழக்கறிஞர் வில்லியம் ஆல்ஃபிரட் குணதிலக்க. பெயரை இரண்டாக வெட்டி, பின்பாதியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டார். நம் காதுக்குப் பழகிய 'திலக'தான் பாங்காக்கில் 'டில்லெக்கி' ஆனது. பின்னாளில் சயாம் அரசின் தலைமை வழக்கறிஞர் பதவிக்கே உயர்ந்தார். துணிச் சேகரிப்பு அவர் காலத்துக்கு வெகு பிந்தையது. இருந்தாலும் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துணி வியாபாரி துணி சேர்த்தால் யாரும் வியப்பதில்லை. அதே பாங்காக்கில் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் 1948-இல் பட்டு நிறுவனம் தொடங்கி, பான் க்ருவா குடியிருப்பில் இருந்த சாம் என்ற இனத்து முஸ்லிம் நெசவாளர்களின் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் உலாவச் சென்றவர் திரும்பவே இல்லை. அவருடைய தேக்குமர வீடு இன்று அருங்காட்சியகம். சட்ட நிறுவனத்துக்கு அப்படி ஒரு தொழில் தொடர்பு கிடையாது. எந்த நிறுவனமும் முதல் பத்துத் துணிகளை வரவேற்பறைச் சுவருக்காக வாங்கலாம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இரண்டாயிரமாவது துணியை யாரும் சுவருக்காக வாங்குவதில்லை. அதற்குள் சேர்ப்பவருக்குப் பித்து பிடித்திருக்க வேண்டும், அந்தப் பித்துக்கு ஒழுங்கும் வந்திருக்க வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். 1975-இல் லாவோஸிலும் கம்போடியாவிலும் ஆட்சிகள் கவிழ்ந்தன. மேகாங் ஆற்றைக் கடந்து அகதிகளாக வந்தவர்கள் பாட்டி பெட்டியில் வைத்திருந்த துணியை அரிசிக்கும் மருந்துக்கும் விற்றார்கள். பழந்துணிகள் மூட்டை மூட்டையாகப் பாங்காக் சந்தைக்கு வந்த காலம் அது. தாய்லாந்தில் துணிக்கென்றே அரச ஆதரவில் சிரிகிட் அரசி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2012-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தனியாரும் நிறுவனங்களும் வாங்கி வைத்திராவிட்டால், அவற்றில் பல வெட்டப்பட்டுத் தலையணை உறையாகவும் கைப்பையாகவும் போயிருக்கும். பல துணிகள் அப்படித்தான் போயின.

ஆகவே 'பகட்டா, முதலீடா' என்ற கேள்வியை நான் தள்ளிவைக்கிறேன். நான் கேட்பது வேறு: துணியோடு குறிப்பு இருக்கிறதா? எந்த ஊரில், எந்த இனத்துப் பெண் நெய்தது, எந்தச் சாயம், எந்தச் சடங்குக்கு, யாரிடமிருந்து எப்போது வாங்கியது? இது எழுதி வைக்கப்பட்டிருந்தால் சேகரிப்பு. இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது பழந்துணி மூட்டைதான். நான் தறிக்குழி இருந்த வீட்டில் வளர்ந்தவன். துணியைக் கையில் எடுத்தவுடன் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊர்ச் சரக்கு?" என்பதைத்தான்.

இனி எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இந்த நிறுவனத்தின் துணிகள் பெரும்பாலும் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. அங்கே 'தாய்' (Tai) என்ற மொழிக்குடும்பத்து மொழிகளைப் பேசும் மக்களின் பெண்கள் உடுத்துவது 'சின்' என்ற மூட்டிய பாவாடை. அதற்கு மனித உடலைப் போலவே மூன்று உறுப்புகள்: ஹுவா என்ற தலை, துவா என்ற உடல், தீன் என்ற பாதம். இடுப்பில் செருகும் தலைப்பகுதி சாதாரணப் பருத்தி. பட்டாக இருந்தால் நழுவும், சீக்கிரம் தேயவும் தேயும். நடுவில் கோடுகள் ஓடும் உடல். கணுக்காலருகே வரும் பாதத்தில்தான் நெய்தவளின் மொத்தத் திறமையும் இருக்கும்.

வட தாய்லாந்தின் மே சேம் ஊர் இந்தப் பாதத்துக்குப் பெயர்பெற்றது. 'தீன் ஜொக்' என்பார்கள். ஜொக் என்றால் நெம்பி எடுப்பது. அடிப்படை ஊடை என்ற குறுக்கு நூல் ஒரு பக்கம் ஓட, ஒவ்வொரு வரிசையிலும் பாவு என்ற நெடுக்கு இழைகளை விரலாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ நெம்பித் தூக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் வண்ண நூலைச் செருகித் திருப்புகிறார்கள். நம் புடவையில் கைப்புட்டா போடுவதும் இதே குடும்பத்து வேலைதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே புட்டா தூரத்துக்கு ஒன்றாக விழும், அங்கே ஒன்றரைச் சாண் அகலப் பட்டையில் தரையே தெரியாமல் நிரம்பியிருக்கும். மே சேம் நெசவாளி இதைப் புறம் திருப்பி நெய்கிறாள். துணியின் நல்ல முகம் தரையைப் பார்த்திருக்கும், முதுகுதான் அவள் கண்ணுக்கு எதிரே. நூலின் முடிச்சுகளும் தாவல்களும் முதுகில் விழுவதால் அவற்றை அவள் கையோடு சரிசெய்ய முடிகிறது.

ஒருமுறை ஒரு சேகரிப்பாளரின் மேசையில் இப்படியொரு சின்னை ஜன்னல் வெளிச்சத்தில் அருகிருந்து பார்த்தேன். உடல் பகுதி புதிது, நிறம் கூட மங்கவில்லை. பாதமோ நிச்சயம் இரண்டு தலைமுறை பழையது, சிவப்பு தேய்ந்து செங்கல் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டும் சேரும் தையலை உருப்பெருக்கியில் பார்த்தால், இப்போதைய தையலுக்கு மேலே ஒரு வரிசை ஊசித்துளைகள், அதற்கும் மேலே இன்னொரு வரிசை. உடல் கிழிந்தபோதெல்லாம் பாதத்தைப் பிரித்தெடுத்துப் புது உடலில் தைத்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று பாவாடைகள் அந்தப் பாதத்தின் மேல் தேய்ந்து போயிருக்கின்றன. அது பாட்டியின் கைவேலையாக இருக்கலாம், பேத்தியின் காலடியில் மீண்டும் வந்திருக்கிறது. சரிகைக் கரையை மட்டும் வெட்டிப் புதுத் துணியில் வைத்துத் தைத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. விற்பனைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று பழைய தையலைப் பிரித்து, பாதத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டிவிடும் வியாபாரிகள் உண்டு. அந்த ஊசித்துளைகளோடு ஒரு குடும்பத்தின் கணக்கும் போய்விடுகிறது. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

லாவோஸின் வடகிழக்கில் ஹுவாபன் மாகாணத்துத் துணிகள் இன்னும் செறிவானவை. நாகங்கள் பின்னிக் கிடக்கும். யானைமுகமும் சிங்க உடலும் கொண்ட 'சீஹோ' என்ற விலங்கு வரும். நம் மண்டபத் தூண்களின் யானையாளியைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாகத் தோன்றாது. அதன் வயிற்றுக்குள் சிறு மனித உருவங்கள் இருப்பதும் உண்டு, அவற்றை மூதாதையர் என்பார்கள். நோய் தீர்க்கும் சடங்கில் பூசாரிகள் போர்த்திக்கொள்ளும் துணிகள் இவற்றில் அடக்கம். லாவோ மக்களின் நாக உருவ நெசவு 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவு சிக்கலான கோலத்தை எப்படி நினைவில் வைக்கிறார்கள்? தறியிலேயே சேமித்துவிடுகிறார்கள். பாவுக்கு மேலும் கீழுமாக நெடுக நூல் விழுதுகள் தொங்கும். ஒவ்வொரு ஊடை வரிசைக்கும் ஒரு மூங்கில் குச்சியோ நூலோ அந்த விழுதுகளுக்கு ஊடே போய், எந்தெந்த இழை எழ வேண்டும் என்பதைப் பிடித்து வைத்திருக்கும். குச்சியை வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தால் கோலம் தானே விரியும். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு என்ற துளையட்டைக் கருவி வருவதற்கு முன் 'அடை' கட்டி நெய்தவர்கள் செய்ததும் இதே தத்துவத்தில்தான். நெய்தவள் இறந்தாலும் அந்த விழுது இருந்தால் மகள் நெய்யலாம். விழுதும் போனால் துணியைப் பார்த்து இழை இழையாக எண்ணித்தான் மீட்க வேண்டும். பழந்துணி ஒன்று அலமாரியில் இருப்பதன் மெய்யான பயன் அங்கேதான் வெளிப்படுகிறது.

கம்போடியாவில் அது நடந்தே இருக்கிறது. அந்நாட்டின் 'ஹோல்' பட்டு ஊடை இக்கத் வகை: ஊடை நூலைக் கோலத்துக்கு ஏற்பக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, அடுத்த நிறத்தில் முக்கி, கடைசியில் தறியில் ஏற்றினால் படம் தானே பொருந்தி வரும். விகாரையின் உட்கூரையில் கட்டும் 'பிதான்' என்ற பட்டில் புத்தர் கதைகள், கப்பல்கள், நாகங்கள் எல்லாம் இப்படி முடிச்சுப் போட்டே வரையப்பட்டவை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நெசவாளர்கள் வயலுக்கு விரட்டப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. பட்டுப்பூச்சி வளர்ப்பு உட்பட எல்லாம் அறுந்தது. கியோட்டோவில் கிமோனோத் துணிக்குச் சாயமிடும் தொழிலில் இருந்த கிகுவோ மோரிமோட்டோ என்ற ஜப்பானியர் 1996-இல் கம்போடியாவில் ஒரு பட்டு நிலையம் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், உயிரோடிருந்த மூதாட்டிகளைத் தேடிப் பிடித்தார். முசுக்கட்டை, அரக்கு, சாய மரங்கள் ஆகியவற்றையும் மீண்டும் வளர்த்தார். கையில் நினைவு இருந்த பாட்டிகளும் கண்ணுக்கு முன்னால் பழைய துணியும் சேர்ந்துதான் அந்த நெசவு மீண்டது. 2017-இல் அவர் காலமானார்.

இக்கத் பற்றிப் பேசியதால் ஒரு சிறு விலகல், கடைவீதியில் உதவும். மெய்யான இக்கத்தில் உருவங்களின் ஓரம் இறகு போலச் சிலிர்த்திருக்கும், கத்தியால் வெட்டியது போல இராது. நூலே சாயம் ஏறியது என்பதால் கோலம் இரு பக்கமும் தெரியும். கம்போடிய ஹோல் மட்டும் மூன்று விழுதுச் சாய்வு நெசவு. அதனால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் சற்றே அடங்கியும் இருக்கும், அது போலி என்று எண்ணிவிடாதீர்கள். அச்சிட்ட துணியின் முதுகு வெளிறிக் கிடக்கும். இதே சட்ட நிறுவனம் போலிச் சரக்குகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் நடத்துகிறது. வழக்குகளில் பிடிபட்ட போலிக் கைக்கடிகாரமும் காலணியும் அதில் இருக்கும். பழந்துணியும் போலிச் சரக்கும் ஒரே நிறுவனத்தில் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அசலை அருகிருந்து அறிந்தவருக்குத்தான் போலி பிடிபடும்.

இனி நம் கரைக்கு வருவோம். 'பா லாய் யாங்' என்றொரு துணி வகை உண்டு. யாங் என்றால் மாதிரி. சயாமின் பழைய தலைநகரான அயுத்தியாவின் அரசவையிலிருந்து கோலத்தின் மாதிரியைக் கப்பலில் அனுப்பி, சோழமண்டலக் கரையில் எழுதவைத்து வரவழைத்த பருத்தித் துணி அது. கைகூப்பிய தேவ உருவங்களும் தீக்கொழுந்துக் கட்டங்களும் முழுக்க சயாமியக் கற்பனை. கலம் என்ற எழுதுகோலைப் பிடித்த கை நம் கரையின் கை. யார் எந்தக் கோலம் உடுத்தலாம் என்பது அரசவைப் பதவியைப் பொறுத்தது. அதை இடுப்பில் சுற்றி, முன்கொசுவத்தைக் கால்களுக்கிடையே பின்னுக்கு இழுத்துச் செருகுவார்கள்.

அந்தச் சிவப்பு சாயவேரின் சிவப்பு. மணற்பாங்கான கடலோரத்தில் தரையோடு படரும் சிறு செடியின் வேர் அது. படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் நிறம் பிடித்துக்கொள்ளும், பிறகு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. நீலம் அவுரி. கருப்புக்கு வெல்லத்தண்ணீரில் துரு ஏறிய இரும்பை ஊறவைத்த கரைசல். இப்படியொரு துணியைப் பார்க்க நேர்ந்தால் கருப்பு வெளிக்கோடுகளை உற்றுப் பாருங்கள். சிவப்பும் நீலமும் நேற்று எழுதியது போல இருக்க, கருப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் பொடிந்து, சில இடங்களில் கோட்டின் வடிவத்திலேயே துணி திறந்திருக்கும். இரும்புச் சத்து நூறு இருநூறு ஆண்டுகளாக நூலை மெல்ல அரித்திருக்கிறது. தேவனின் முகத்தைச் சுற்றி எழுதிய கோடு போய், முகம் மட்டும் மிதப்பது போல நிற்கும்.

பாலித் தீவின் தெங்கானான் ஊரில் 'கெரிங்சிங்' என்ற இரட்டை இக்கத் நெய்கிறார்கள். பாவையும் ஊடையையும் தனித்தனியே கட்டிச் சாயமேற்றி, தறியில் இரண்டின் கோலமும் இழைக்கு இழை சந்திக்கும்படி நெய்வது அது. குஜராத்தின் பாட்டன், ஜப்பான், இந்த ஊர் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இந்த நெசவு உண்டு. பெயருக்கு 'நோயில்லை' என்று பொருள். அதன் சிவப்பு நுணா வகை மரத்தின் வேர். நம்மூரில் மஞ்சணத்தி என்று நுகத்தடிக்கு வெட்டும் மரத்தின் நெருங்கிய உறவு.

இன்னொரு கொடுக்கல் வாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி கிழக்கே போயிற்று. அதனால் மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்றுதான் பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடு. மறுபுறம் மலாய்ச் 'சாரோங்' யாழ்ப்பாணத்திலும் தென்பாண்டிக் கரையிலும் 'சாரம்' ஆகிவிட்டது. ஊரின் பெயர் அங்கே போய்த் துணியாயிற்று, துணியின் பெயர் இங்கே வந்து நம் சொல்லாயிற்று.

மியான்மர்த் துணிகளில் பலரும் தேடுவது அமரபுராவின் 'லுன்தயா'. நூறு நாடா என்று பொருள். அலையலையான பட்டுக்கோலத்துக்கு ஏராளமான சிறு நாடாக்களை இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டுவார்கள். அழகுதான், ஆனால் என் மனம் போவது 'சாஸிஜோ'விடம். ஓலைச்சுவடியைக் கட்டும் நாடா அது. இரண்டு விரல் அகலமும் பல முழம் நீளமும் கொண்டது. துளையிட்ட சிறு அட்டைகளைத் திருப்பித் திருப்பி நெய்வார்கள், நெய்யும்போதே எழுத்தையும் நெய்துவிடுவார்கள். இந்தச் சுவடியை எழுதிக் கொடுத்த தம்பதியர் இன்னார், இந்தப் புண்ணியத்தால் நிர்வாணம் கிட்டட்டும் என்று பர்மிய எழுத்து ஓடும். இடையிடையே பறவையும் மயிலும் கோயிலும் வரும். பனையோலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நம் மக்களுக்கு இது எளிதில் நெஞ்சில் பதியும். சுவடி செல்லரித்துப் போய் நாடா மட்டும் மிஞ்சியதும் உண்டு. நெய்பவர் பெயர் தெரியாமலே போகும் இந்தத் துணி உலகத்தில், கொடுத்தவர் பெயராவது இழையாகவே தங்கிவிட்டது.

நிறுவனங்கள் துணி வைத்திருப்பதில் எனக்குள்ள அச்சத்தையும் சொல்ல வேண்டும். அலுவலகம் வெளிச்சத்தை விரும்பும். துணிக்கு வெளிச்சம் ஆகாது. அருங்காட்சியகங்கள் பழந்துணியின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவில் நிறுத்துகின்றன. சாதாரண அலுவலக அறையில் அதைப்போல ஆறு மடங்கு, பத்து மடங்கு ஒளி இருக்கும். வேறொரு நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் முகப்புக்கூடத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு எதிரே ஒரு பட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அழகான சட்டம், பித்தளைப் பலகை எல்லாம் இருந்தன. சட்டத்தின் ஓரம் மறைத்த ஒரு விரற்கடை மட்டும் அரக்குச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளிறிய தேநீர் நிறம். அந்த ஒரு விரற்கடையைப் பார்த்த பிறகுதான் அந்தத் துணி எப்படி இருந்தது என்பதே புரிந்தது. போன சாயத்தை எந்த ரசாயனராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே சில மாதங்கள் மாட்டி, பிறகு இருட்டில் ஓய்வு கொடுத்து, வேறொன்றை மாட்டும் வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் இழை முறியும், அமிலமற்ற தாளோடு குழாயில் சுருட்டி வைக்க வேண்டும். பூச்சிக்கு மருந்தடிப்பதில்லை. காற்றுப் புகாமல் பையிலிட்டு உறைகுளிரில் ஓரிரு வாரம் வைப்பார்கள். பாங்காக்கின் ஈரக்காற்றில் இவ்வளவும் செய்வது பெருஞ்செலவு. அதை ஆண்டுதோறும் தாங்க வருமானமுள்ள நிறுவனத்தால் முடிகிறது என்பதே இத்தகைய சேகரிப்புகளுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் நியாயம். ஆர்வம் கொண்ட மூத்தவர் ஓய்வு பெற்றபின் அடுத்தவருக்கு அது வெறும் வாடகைச் செலவாகத் தோன்றலாம் என்பதுதான் எதிர்வாதம். அதற்கு ஒரே காப்பு, குறிப்புகளையும் படங்களையும் வெளியே கொண்டுவந்துவிடுவது. அவை நெய்த ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, பார்க்கும்போது நிறங்களில் கூர்மையான இளஞ்சிவப்போ ஊதாவோ கண்ணைக் குத்தினால் அந்தத் துணியை மட்டமாக எண்ணிவிட வேண்டாம். செயற்கைச் சாயம் 1856-இல் இங்கிலாந்தில் பிறந்தது. பிறகு அது மலைக்கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. வேரும் பட்டையும் மட்டுமே அறிந்த ஒரு பெண் சந்தையில் முதன்முதலாக அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து, ஆசைப்பட்டு ஒரு சிட்டம் வாங்கி, நாகத்தின் கண்ணில் மட்டும் வைத்திருப்பாள். துணியின் வயதைக் கணிக்கவும் அதுவே சான்று.

அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுப் போங்கள். பொறுப்பாளர் துணியை விரித்துக் காட்டினால் தொடாதீர்கள். முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.